பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு தலைப்பிரசவம்

என் தனத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் இப்போது மணி என்ன என்று தெரியாமலே எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நல்ல வெயில். மைசூரில் நம் தெரு முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். கைக்கடிகாரத்தை நான் இன்னும் மாற்றவில்லை, அது நம் வீட்டு நேரத்திலேயே ஓடுகிறது. மகள் பார்த்துவிட்டுத் தினமும் சிரிக்கிறாள்.

நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு என்ன எழுதத் தெரியும்? ஹெப்பாள் பாக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் ரிப்பேர் பார்த்தவன் நான். கடிதம் எழுதுவேன், அதுவும் உனக்கு மட்டும். கல்யாணத்துக்கு முன்னால் நீ கொள்ளேகாலில் இருக்கும்போது எழுதியது, அதற்கப்புறம் இப்போதுதான். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பொறுமையாகக் கேட்கமாட்டாய். நம் தீபாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நானும் நன்றாக இருக்கிறேன். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில், உன் மகள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எழுதுகிறேன். நம்பமாட்டாய் என்று தெரியும். எனக்கே காலையில் கண் விழித்ததும் ஒரு நிமிஷம் நம்ப முடிவதில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது நினைவிருக்கிறதா? டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போன அன்றைக்கு. உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க, நாளைக்கு அவ மாசமானா தலைப்பிரசவத்த ஆருங்க பாப்பாங்க?" என்றாய். உன் கவலை எனக்குப் புரிந்தது. முதல் பிரசவம் பெண்ணின் தாய் வீட்டில்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாயே இல்லாவிட்டால் அப்புறம் தாய் வீடு ஏது?

"நான் பாத்துக்கறேன் போ" என்றேன், வாய்க்கு வந்ததை.

"நீங்களா? சுடுதண்ணி வெக்கத் தெரியுமுங்களா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். பல நாளுக்கப்புறம் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எது வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னது சொன்னதுதான், இல்லையா?

உன் வருஷத் திதி முடிந்து சில மாதங்களில் தீபா போன் பண்ணினாள். நான் தாத்தா ஆகப் போகிறேன் என்றாள். சந்தோஷத்தில் உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் உன் போட்டோவுக்கு எதிரே போய் நின்று சொன்னேன்.

அவளை மைசூருக்கு வரச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாசம் ஏற ஏறப் பிளேனில் ஏற்றமாட்டார்களாம், அதுவும் அவ்வளவு நேரப் பயணத்துக்கு. அவள் வேலையையும் விட்டுவிட்டு வர முடியாது. சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி, ஹாசனிலிருந்து மைசூருக்கு வருவதற்கே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் யார் போவது? மகள் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் வீடு மகளிடம் போக வேண்டியதுதான். மீதி இருக்கிற தாய் வீடு நான்தானே.

தீபாவிடம் சொன்னேன். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்புறம், "அப்பா, நீங்க வந்து இங்க என்னப்பா பண்ணுவீங்க? பேடாப்பா. நான் மேனேஜ் பண்ணிக்கறேன்" என்றாள். அவசரத்தில் வேண்டாம் என்பதைக்கூட நம் மகள் கன்னடத்தில்தான் சொல்வாள், உனக்குத் தெரியாததா. அவள் பாசமில்லாமல் சொல்லவில்லை. அறுபது தாண்டிய அப்பா, தனியாக அவ்வளவு தூரம் வந்து, மொழி தெரியாமல், வாய்க்குப் பிடித்த சாப்பாடு இல்லாமல் கஷ்டப்படுவாரே என்றுதான் யோசித்தாள். குழந்தையோடு சேர்த்து அப்பாவையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்றும் யோசித்திருப்பாள். அதில் தப்பில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது தனம். நான் போனால் அவளுக்கு உபயோகமா, உபத்திரவமா? அன்றிலிருந்து பிரசவம் ஆகும் வரைக்கும் என் மனசில் ஓடியது அந்த ஒரு கேள்விதான்.

மறுநாளே ரத்னம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். பக்கத்து வீட்டில் இருபது வருஷமாக உன்னோடு குழம்பும் கதையும் மாற்றிக்கொண்டவள், அவளை விட்டால் எனக்கு யார்? "ரத்னம்மா, பிள்ளை பெத்தவளுக்குச் சமைக்கக் கத்துக்கொடு" என்றேன். முறத்தில் இருந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களா அண்ணா?" என்றாள். நீ கேட்ட அதே தொனி. உங்கள் இரண்டு பேருக்கும் என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

உன் பத்திய ரசம் எப்படி வைப்பாய் என்று அவளுக்கும் தெரியவில்லை. நீ யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டாய். அவளுக்குத் தெரிந்தது அவர்கள் வீட்டுப் பாணந்தி சாறு. பிள்ளை பெற்றவளுக்கு என்றே மிளகும் பூண்டும் தாராளமாகப் போட்டு வைக்கிற ரசம். அதைத்தான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பூண்டு கருகியது. இரண்டாம் முறை உப்பே போடவில்லை. "அண்ணா, மெஷின் மாதிரி பாக்கறீங்க, சாறு அப்படி இல்ல. வாசனை பாருங்க, வாசனை" என்று திட்டுவாள். அவள் வீட்டுக்காரர் என் சோதனைகளையெல்லாம் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நல்ல மனுஷர், அவருக்குக் கோயில் கட்டலாம்.

இதற்கு நடுவில் டிக்கெட் வந்தது. மாப்பிள்ளை ஹேமந்த்தான் போட்டு அனுப்பினார். பெங்களூரிலிருந்து நேராகச் சான் பிரான்சிஸ்கோ, நடுவில் எங்கேயும் இறங்கி ஏற வேண்டாம். டிக்கெட்டைப் பார்த்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் கிளம்பி, அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் இறங்குகிறது. மைசூரிலிருந்து பெங்களூர் போகிற நேரம்தான்! அதுவும் ராமநகரத்தில் டிராபிக் இருந்தால் பஸ்ஸுக்கு இதைவிட அதிகம் ஆகும். இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊருக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ரத்னம்மாவிடமும் பெருமையாகச் சொன்னேன். மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனால் ராத்திரிச் சாப்பாடு மகள் கையால் என்றேன்.

மாப்பிள்ளைதான் போனில் பொறுமையாக விளக்கினார். தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டர். பறக்கிற நேரம் பதினாறு மணிக்கு மேல். அங்கே கடிகாரம் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அப்படித் தெரிகிறதாம். "மாமா, நீங்க ஒரே நாள்ல ரெண்டு மதியம் பாப்பீங்க" என்றார். இந்தப் பிள்ளைக்கு நம் தமிழ் வராது என்று நீ குறைப்பட்டாயே, இப்போது கேட்க வேண்டும் நீ.

பதினாறு மணி நேரம் ஒரே நாற்காலியில். என் இடுப்பைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மகள் டிக்கெட்டையே ரத்து செய்துவிடுவாள்.

இனிமேல் சொல்லப் போவதைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். எல்லாம் உன்னால் வந்தது.

செவ்வாய்க்கிழமை பயணம். உனக்குச் செவ்வாய்க்கிழமை கிளம்பினால் ஆகாது. நான் இதையெல்லாம் என்றைக்குப் பார்த்தேன்? ஆனால் இது நீ போக வேண்டிய பயணம், உன் இடத்தில் நான் போகிறேன். அதனால் உன் முறைப்படியே செய்வோம் என்று முடிவு பண்ணினேன். நாள் சரியில்லாதபோது நீ என்ன செய்வாய்? முதல் நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவாய். பரஸ்தானம். பை வெளியே போய்விட்டால் ஆளும் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. நான் கேலி பண்ணும்போதெல்லாம், "சும்மா பழந்துணிய வெச்சா ஆகாதுங்க. எது இல்லாம போக முடியாதோ அத வெக்கோணும்" என்பாய்.

நானும் யோசித்தேன். அமெரிக்காவுக்கு எது இல்லாமல் போக முடியாது? திங்கட்கிழமை ராகு காலம் முடிந்ததும் ஒரு மஞ்சப்பையில் பாஸ்போர்ட்டைப் போட்டு, மேலே ஒரு துண்டை வைத்து, ரத்னம்மா வீட்டு சாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். பையில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. உன் கடமையை நிறைவேற்றிவிட்ட திருப்தியில் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தீபாவின் வீடியோ கால். அங்கே ராத்திரி, தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனாளாம், குழந்தை சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிடலாம் என்றாராம். "அப்பா, நாளைக்குக் கரெக்டா கெளம்பிடுவீங்க தானே? எங்க, பாஸ்போர்ட்டக் காட்டுங்க, பாக்கறேன்" என்றாள்.

வர வேண்டாம் என்று சொன்ன பெண், தனம். கிளம்பிவிடுவீர்கள்தானே என்று கேட்கிறாள்.

"பையில இருக்கும்மா" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. போனை வைத்துவிட்டு ரத்னம்மா வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. கைபேசியில் கூப்பிட்டேன். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து மணி அடிக்கிறது. அவள் வீட்டுக்காரர் கைபேசியே வைத்துக்கொள்வதில்லை.

எதிர்வீட்டில் கேட்டால் நஞ்சன்கூடு போயிருக்கிறார்கள், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து, என்கிறார்கள். சோமவாரம் ஆயிற்றே! வாராவாரம் கோயிலுக்குப் போகிறவள்தான். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டேன். வழக்கமாக மதியத்துக்குள் வந்துவிடுவாளே என்றேன். இந்தத் தடவை அங்கே இருக்கிற தங்கை வீட்டில் தங்கிவிட்டு நாளை வருவாளாம். தங்கை வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு நாளை விடியற்காலை ஏர்போர்ட் பஸ். இதை விட்டால் அடுத்த நேர் விமானம் இரண்டு நாள் கழித்து. மகளுக்கு முன்கூட்டியே வலி வந்துவிட்டால்? பூட்டை உடைத்துவிடலாமா என்று கூட நினைத்தேன். உன் சிநேகிதி வீட்டுப் பூட்டை உடைத்துத்தான் தாய் வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டுமா?

சட்டையை மாட்டிக்கொண்டு நஞ்சன்கூடு பஸ் ஏறினேன். உன்னைத் திட்டிக்கொண்டே போனேன், மன்னித்துக்கொள்.

கோயிலில் திங்கட்கிழமைக் கூட்டம். கம்பத்துக்கு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன், தெரிந்த முகம் இல்லை. கடைசியில் அறிவிப்புச் செய்கிறவரிடம் போய்க் கெஞ்சினேன். மைசூரிலிருந்து வந்த ரத்னம்மா உடனே வர வேண்டும் என்று மைக்கில் சொன்னார். மூன்று ரத்னம்மாக்கள் வந்தார்கள். மூன்று பேருமே மைசூர்தான். மூன்று பேருக்கும் முகத்தில் கலவரம். ஒவ்வொருவரிடமும், "நீங்க இல்லம்மா, உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம்" என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினேன். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

எல்லோரும் போன பிறகு நம் ரத்னம்மா ஓடி வந்தாள். தங்கை வீட்டுக்குப் போகத் தேர் வீதி வரைக்கும் போய்விட்டவள், மைக் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தாளாம். மூச்சு வாங்குகிறது. "ஏனாய்த்து அண்ணா? தீபாவுக்கு என்ன ஆச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தீபாவுக்கு ஒண்ணும் இல்ல. உன் வீட்ல இருக்கற பையில என் பாஸ்போர்ட் இருக்கு."

பிடித்த கையை விட்டுவிட்டாள். "பாஸ்போர்ட் யாராவது வைப்பாங்களா அண்ணா பரஸ்தானத்துக்கு? ஒரு வேட்டி வைங்க, சொம்பு வைங்க!"

"எது இல்லாம போக முடியாதோ அதத்தான் வெக்கணும்னு தனம் சொல்லுவா" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கோயில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. தங்கை வீட்டு விருந்துக்கு வீட்டுக்காரரை மட்டும் அனுப்பிவிட்டு என்னோடு மைசூர் பஸ்ஸில் வந்து கதவைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தாள். சாறுக்கு அரைத்து வைத்த பொடியும் அதோடு கொடுத்தாள். வாசற்படி தாண்டும்போது, "அண்ணா, வாசனை" என்று ஞாபகப்படுத்தினாள்.

இனி பிளேன். ஜன்னல் பக்கம் இடம் கொடுத்திருந்தார்கள். முன்னால் இருக்கிற சின்னத் திரையில் உலகப் படம், அதில் நாம் போகிற பாதை, இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும் படம் பார்த்தார்கள், நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கவனித்தேன் தனம். அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? இவன் கிளம்பினதிலிருந்து கிழக்கே போகிறான்! வங்கக் கடல், சீனா, ஜப்பான் என்று கிழக்கே கிழக்கே போகிறான். திங்கட்கிழமை கிழக்கே சூலம். நான் நல்ல நேரம் பார்த்துப் பை வைத்ததே சூலத்தில்தான்.

பக்கத்து சீட்டில் இருந்த பையன் காதில் வயர் மாட்டிக்கொண்டு தூங்குகிறான். யாரிடம் இதைச் சொல்வேன்? நீ இருந்திருந்தால் அங்கேயே இறங்க வேண்டும் என்று அடம்பிடித்திருப்பாய். அப்புறம் சாப்பாடு வந்தது. தட்டில் ஒரு கிண்ணம் தயிர். திங்கட்கிழமை சூலத்துக்குத் தயிர்தானே பரிகாரம்? மூடியைப் பிரித்து முதலில் அதைத்தான் சாப்பிட்டேன். உன் மனசு ஆறியிருக்கும்.

தூங்கத்தான் முடியவில்லை. இடுப்பு வலி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் மேலே இருக்கும்போது அவளுக்கு வலி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். போன் வேலை செய்யாது. கீழே கடலைத் தவிர எதுவும் கிடையாது. திரையில் தூரம் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு எண் குறைய ஒரு யுகம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிற மருந்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. அப்போதும் நான் செய்ய ஒன்றுமில்லை, இப்போதும் ஒன்றுமில்லை. உட்கார்ந்திருப்பதுதான் வேலை. எத்தனை தடவை உன் பெயரைச் சொன்னேனோ தெரியாது.

இறங்கி வெளியே வந்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. "அப்பா" என்றாள். என்னிடம் நடந்து வந்தாள். நீ அவளைச் சுமந்தபோது கடைசி மாதத்தில் இப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாய். பதினாறு மணி நேரம் கூடவே வந்த இடுப்பு வலி அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

முதல் இரண்டு நாளும் அவள் என்னைத்தான் கவனித்துக்கொண்டாள். நம் ராத்திரியில் தூங்கி நம் பகலில் விழித்துப் பழகிய உடம்பு தலைகீழாகிவிட்டது. மத்தியானம் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். கண் விழித்தால் அவள் எனக்குப் போர்வை போர்த்திவிட்டுப் போயிருப்பாள். நிறைமாதக்காரி குனிந்து எனக்குப் போர்வை போர்த்துகிறாள்! அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியவில்லை. குழாயில் வெந்நீர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவள் சொன்னது சரிதான், நான் வந்து என்ன பண்ணப் போகிறேன் என்று குன்றிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போனார். நான் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து ஒரு சத்தம்.

"அம்மா!"

நான் பூண்டைப் போட்டுவிட்டு எழுந்தேன். "என்னம்மா, இங்கதான் இருக்கேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை தனம். அவள் கூப்பிட்டது உன்னைத்தான், பதில் வந்தது என் வாயிலிருந்து. ஓடிப் போய்ப் பார்த்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தரையெல்லாம் ஈரம், பனிக்குடம் உடைந்துவிட்டது. பயத்தில் முகம் வெளுத்திருக்கிறது. என் கையைப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் என் விரல் உடைந்துவிடும் போல இருந்தது. முப்பது வருஷம் பாக்டரியில் எத்தனையோ பார்த்தவன், அந்தப் பிடியை எதோடும் ஒப்பிட முடியாது. "பயப்படாத கண்ணு. அப்பா இருக்கேன். மூச்ச நல்லா விடு" என்றேன். உன் பிரசவத்தில் என்னை வராண்டாவிலேயே நிறுத்திவிட்டார்கள், உள்ளே என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். துணி மாற்ற, செருப்புப் போட, படி இறங்க எல்லாவற்றுக்கும் அவள் என் தோளைத்தான் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வலிக்கும் "அம்மா" என்றாள். ஒவ்வொன்றுக்கும் நான் "இருக்கேன்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை உள்ளே போனார், நான் வெளியே உட்கார்ந்தேன். இந்த ஊரிலும் எனக்கு வராண்டாதான். சாயங்காலம் அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். சிவப்பாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யார் மேலோ கோபம் போல. உன் மூக்கு. சந்தேகமே இல்லை.

உன் பெயரையே வைக்கலாம் என்றார் மாப்பிள்ளை. நான் வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லி அந்தக் குழந்தையை நான் எப்படி அதட்டுவேன்? வேறு பெயர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று பாணந்தி சாறு வைத்தேன். ரத்னம்மா பொடி, வாசனை பார்த்துப் பார்த்து இறக்கினேன். சூடாகச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். தீபா ஒரு வாய் சாப்பிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா ரசம் மாதிரி இல்லப்பா" என்றாள்.

"தெரியும்மா."

கண்ணில் நீர் தளும்பத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

சாப்பிட்டு முடித்தபிறகு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்பா, உங்க ரிட்டர்ன் டிக்கெட்டத் தள்ளிப் போட முடியுமான்னு கேக்கலாமா?"

நான் வந்து என்ன பண்ணுவேன் என்று கேட்டவள்தான். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதேன். சந்தோஷமா, துக்கமா என்று என்னைக் கேட்காதே. நீ இங்கே நின்றிருக்க வேண்டும் தனம். இந்தக் குழந்தையை முதலில் நீதான் தூக்கியிருக்க வேண்டும். என்ன செய்தாலும் அந்தக் குறை தீரவில்லை. தீரும் என்று நானும் நினைக்கவில்லை.

இப்போது குழந்தை தூங்குகிறது, தீபாவும் தூங்குகிறாள். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது வலித்தால் இன்னமும் "அம்மா" என்றுதான் முனகுகிறாள். ஒரு மாதமாக ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தது போல வாய்க்கு வந்தபடி இல்லை, நன்றாக யோசித்துத்தான் கொடுக்கிறேன். நான் திரும்பி மைசூருக்கு வந்த பிறகும், அவள் அங்கிருந்து எந்த நேரத்தில் "அம்மா" என்று கூப்பிட்டாலும், எத்தனை ஆயிரம் கிலோமீட்டராக இருந்தாலும், நான் போவேன். உயிர் இருக்கிற வரைக்கும் உன் மகள் கூப்பிட்டு, பதில் வராமல் இருக்காது.

உள்ளே சத்தம் கேட்கிறது. கூப்பிடுகிறாள். போய்விட்டு வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
இப்போதைக்கு உன் மகளுக்கு அம்மாவும்கூட